ரோட்டில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள்

காயல்பட்டினத்துக்கும் ஆறுமுகநேரிக்கும் நடுவே, மக்ரிப் தொழுகைக்குப் பிந்திய இருட்டில், ஒரு பைக்கும் உப்பு லாரியும் மோதிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். "பைக்கில் லைட்டே எரியலை" என்கிறார் லாரி ஓட்டுநர். பைக்கில் வந்தவர் பேசும் நிலையில் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாரும் கிடையாது. நொறுங்கிய ஹெட்லைட் மட்டும் ரோட்டோரம் கிடக்கிறது. மோதிய நொடியில் அது எரிந்துகொண்டிருந்ததா இல்லையா என்பதை அந்தப் பல்பே சொல்லிவிடும்.

பல்புக்குள் இருக்கும் இழை டங்ஸ்டன் என்ற உலோகத்தால் ஆன நுண்ணிய சுருள். அணைந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். மோதினால் பட்டென்று ஒடியும், ஒடிந்த முனை பளபளப்பாக இருக்கும். எரியும்போதோ அதன் சூடு இரண்டாயிரம் டிகிரிக்கு மேல். அப்போது அது இளகியிருக்கும். மோதலின் உலுக்கலில் சுருள் இழுபட்டு, நெளிந்து, தாறுமாறாக நீண்டுவிடும். கண்ணாடியும் அதே நொடியில் உடைந்திருந்தால் இன்னும் நல்ல சாட்சி கிடைக்கும். காற்று பட்டதும் சூடான டங்ஸ்டன் ஆக்ஸைடாக மாறி, வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூக்கும். சிதறிய கண்ணாடித் துகள்கள் அந்தச் சூட்டில் உருகி, இழையின் மேல் குட்டிக் குட்டி மணிகளாக ஒட்டிக்கொள்ளும். அணைந்த பல்பில் கண்ணாடி மணி ஒட்டவே ஒட்டாது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும், வழக்கின் பாதி முடிந்துவிடும். எல்.இ.டி. விளக்குகளில் இழை கிடையாது என்பதால் இந்தச் சாட்சி மெல்ல மெல்ல மறைந்துவருகிறது.

இப்படி மிச்சம் கிடக்கும் தடயங்களை வைத்து நடந்ததைப் பின்னோக்கிக் கட்டி எழுப்பும் துறைக்கு விபத்து மீள்கட்டுமானம் என்று பெயர். அதன் அரிச்சுவடி, ரோட்டில் டயர் தேய்த்துவிட்டுப் போகும் கறுப்புக் கோடு. பிரேக் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்ட இடத்திலிருந்து வண்டி நின்ற இடம் வரை டேப் பிடித்து அளக்கிறார்கள். காய்ந்த தார் ரோட்டில் கோடு 5 மீட்டர் என்றால் வண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறது. 20 மீட்டர் என்றால் 60. 45 மீட்டர் என்றால் 90. வேகம் இரட்டிப்பானால் கோட்டின் நீளம் நான்கு மடங்காகிறது, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "அறுபதில்தான் வந்தேன் சார்" என்ற வாக்குமூலத்தை ரோடே சரிபார்த்துவிடும். வளைவில் பக்கவாட்டாக வழுக்கிய டயர் வேறு விதமாகக் கோடு போடும். அந்தக் கோட்டுக்குள் சாய்வாக ஓடும் மெல்லிய கீறல்களைப் பார்த்தால், ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினாரா, ஸ்டியரிங்கை ஒடித்தாரா என்பது தெரியும். நடந்துபோனவர் மேல் வண்டி மோதியிருந்தால், அவர் நின்ற துல்லியமான இடத்தை அவருடைய செருப்பு தாரில் இழுத்த சின்னத் தேய்ப்பு காட்டிக்கொடுக்கும்.

தமிழ்நாட்டில் இதை நாள்தோறும் செய்யும் ஒரு குழு கோயம்புத்தூரில் இருக்கிறது. ஜே.பி. ரிசர்ச் இந்தியா என்ற அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள், போலீஸிடமிருந்து தகவல் வந்ததும் வண்டி ஏறுகிறார்கள். 2011-இல் தொடங்கிய 'ராஸி' என்ற இந்திய விபத்துத் தரவுத் தொகுப்புக்கு இவர்கள் சேகரிப்பதுதான் அடிப்படை. ரோட்டை அளந்து வரைபடம் போடுகிறார்கள். நொறுங்கிய காரின் முகப்பு எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று வரிசையாகப் பல இடங்களில் அளக்கிறார்கள். தகடு மடங்கிய ஆழத்திலிருந்து மோதலின் வேகத்தைக் கணக்கிட முடியும். முன்கண்ணாடியில் வட்டமாக விரிசல் விட்டிருந்தால் அங்கே ஒரு தலை பட்டிருக்கிறது. சீட் பெல்ட்டின் நாடாவை இழுத்துப் பார்த்தால், போட்டிருந்தவரின் உடல் எடை இழுத்த இடத்தில் அது வளையத்தில் உரசித் தேய்ந்திருக்கும். பெல்ட் போட்டிருந்ததாகச் சொல்லும் வாய், தேய்மானம் இல்லாத நாடாவிடம் தோற்றுப்போகும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒவ்வொரு காயத்தின் விவரத்தையும் வாங்கி, 1 முதல் 6 வரையுள்ள அளவுகோலில் குறிக்கிறார்கள். 1 என்றால் சிராய்ப்பு போன்ற லேசான காயம். 6 என்றால் பிழைக்கவே வழியில்லை.

இவர்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு விபத்துக்கும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். மோதல் ஏன் நடந்தது என்பது ஒன்று. மோதியதில் இவருக்கு ஏன் இவ்வளவு அடிபட்டது என்பது இன்னொன்று. இரண்டின் விடைகளும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஓட்டுநர் கண் அயர்ந்ததால் கார் ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் போய் மோதுகிறது. மோதலுக்குக் காரணம் தூக்கம். ஆனால் உயிர் போனதற்குக் காரணம், லாரியின் பின்புறம் தாழ்வான தடுப்புக் கம்பி இல்லாதது. கம்பி இருந்தால் காரின் முகப்பு அதில் மோதி மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் முகப்பு லாரிக்கு அடியில் வழுக்கி நுழைந்து, லாரியின் தளம் நேரே முன்கண்ணாடிக்கு வந்துவிடும். அந்த மாதிரி விபத்தில், மடங்குவதற்கென்றே வடிவமைத்த காரின் மூக்கு எதிலும் படாமலே போகிறது.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைப் பார்த்தால் வேறொரு உலகம் தெரியும். 2022-இல் நாட்டில் நடந்த விபத்துகளில் 72 சதவீதத்துக்கு மேல் 'அதிவேகம்' என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிட்டன. போலீஸ் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்தான். அதில் ஒன்றை எழுதியாக வேண்டும். அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நேரான ரோட்டில் நடந்தவை. கொண்டை ஊசி வளைவும் குண்டும் குழியுமான ரோடும்தான் ஆளைக் கொல்லும் என்று நாம் நினைத்திருப்போம். ஆபத்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நாம் உஷாராகிவிடுகிறோம். வேகம் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது விசாரணையின் முடிவாக இருக்கக் கூடாது. இந்த நேரான ரோட்டில் இவ்வளவு வேகமாகப் போகலாம் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்பதிலிருந்து விசாரணை தொடங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அடிபட்டது என்ற அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கியவர்களில் முன்னோடி, ஹ்யூ டிஹேவன் என்ற விமானி. 1917-இல் டெக்சாஸில் பயிற்சியின்போது இவருடைய விமானம் இன்னொன்றோடு நடுவானில் மோதி விழுந்தது. மற்றவர்கள் இறந்தார்கள். இவருக்குக் கல்லீரல் கிழிந்தது, ஆனால் பிழைத்தார். தான் மட்டும் எப்படித் தப்பினோம் என்று யோசித்தார். இருக்கையைச் சுற்றிய கூடு சிதையாமல் நின்றதும், வயிற்றைக் கிழித்தது பெல்ட்டின் கொக்கி என்பதும் புரிந்தது. 1942-இல் இவர் வெளியிட்ட கட்டுரை, 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றியது. அவர்கள் விழுந்த இடம் ஒவ்வொன்றும் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்திருந்தது. மண், தகரக் கூரை, இப்படி ஏதோ ஒன்று. நிற்பதற்குச் சில அங்குலம் தூரம் கிடைத்தால் மனித உடம்பு நாம் நினைப்பதைவிட மிக அதிகம் தாங்கும் என்று காட்டினார். இன்றைய காரின் மடங்கும் மூக்கு, காற்றுப்பை, ஹெல்மெட் எல்லாம் அந்தச் சில அங்குலங்களைச் சம்பாதித்துத் தரும் கருவிகள்தான்.

மோதலின் வலுவை வேகத்தில் சொன்னால் நம் உடம்புக்கு உறைப்பதில்லை. உயரத்தில் சொல்லிப் பார்க்கலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் நான்கு மாடி. 90 என்றால் ஒன்பது மாடி. டயர் கோட்டில் பார்த்த அதே கணக்குதான் இங்கும். மாடிப்படி நம் உடம்புக்குப் பரிச்சயமானது. கைப்பிடிச் சுவர் இல்லாத நான்காம் மாடி ஓரத்தில் நின்றால் முழங்கால் தானாக நடுங்கும். வேகமானியின் முள் அறுபதைத் தொடும்போது எந்த நரம்பும் நடுங்குவதில்லை, ஏனென்றால் ஓடி ஓடி நாம் எட்டக்கூடிய வேகத்தைத் தாண்டிய எதற்கும் இந்த உடம்பில் அளவுகோல் இல்லை.

1970-ஐ ஒட்டி அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் இதையெல்லாம் ஒரு சின்ன அட்டவணைக்குள் கொண்டுவந்தார். மேலிருந்து கீழாக மூன்று வரிசை: மோதலுக்கு முன், மோதலின்போது, மோதலுக்குப் பின். இடமிருந்து வலமாக மூன்று பத்தி: மனிதர், வாகனம், சூழல். ஆக ஒன்பது கட்டங்கள். மலேரியாவுக்குக் கொசு எப்படியோ, அப்படி விபத்துக் காயத்துக்கு வண்டி என்று அவர் பார்த்தார். காயத்தை உண்டாக்குவது இயக்க ஆற்றல், வண்டி அதைச் சுமந்து வருகிறது. கொசுவைக் குட்டையிலும் தடுக்கலாம், வலையிலும் தடுக்கலாம், கடித்த பிறகு மருந்தாலும் நோயைத் தடுக்கலாம். போலீஸ் படிவம் இந்த ஒன்பதில் முதல் கட்டத்தை மட்டுமே நிரப்புகிறது. மற்ற எட்டும் காலி.

அதில் நடுக்கட்டம் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1935 மே மாதம், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹ்யூ கெய்ன்ஸ் என்ற இளம் நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர்க்காலத்தில் பைக்கில் செய்தி கொண்டுபோகும் ராணுவத்தினரின் தலைக்காயங்களைச் சேகரித்து, 1941-இல் ஹெல்மெட்டின் பயனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவம் அந்த வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் 1973-இல்தான் வந்தது. கெய்ன்ஸ் இறந்து 21 ஆண்டு கழித்து! தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டபோது நடந்த வாக்குவாதங்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது வெளியே தெரியும் கெட்டியான ஓடு இல்லை. உள்ளே ஒட்டியிருக்கும் தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வரும் அதே பொருள், இன்னும் அடர்த்தியாக. "பக்கத்துத் தெருவுக்குத்தானே, இருபதில்தானே போகிறேன்" என்பவருக்கு ஒரு கணக்கு. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாலும், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெறும் தலை தாரில் பட்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால், மூளை உணரும் விசை புவியீர்ப்பைப் போல் 500 மடங்கு. தெர்மாகோல் இரண்டு சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது 75 மடங்காக இறங்கிவிடும். அந்த இரண்டு சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான காற்றுக்குமிழிகள் ஒவ்வொன்றாக நொறுங்கி, மண்டையோட்டுக்குப் பதிலாகத் தாங்கள் உடைகின்றன. நொறுங்கியவை மீண்டும் எழும்புவதில்லை. அதனால்தான் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட், மேலே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட வேண்டியது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் சாவின் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. தாடைக்குக் கீழே பட்டையை மாட்டாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஹெல்மெட் தலைக்கு முன்பே பறந்துவிடும்.

இனி முதல் கட்டத்துக்கு, அதாவது மனிதரின் கண்ணுக்கு வருவோம். "பார்த்தேன், ஆனா கவனிக்கலை" என்று விபத்துக்குப் பிறகு சொல்பவர் பொய் சொல்வதில்லை. நம் கண் வீடியோ கேமரா போல வழுவழுவென்று நகர்வதில்லை. நொடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அமர்த்திவிடுகிறது. பிறகு முன்னும் பின்னும் பார்த்த காட்சிகளை ஒட்டி, இடைவெளியே இல்லாதது போலக் காட்டுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். சந்திப்பில் இடமும் வலமும் சடாரென்று தலையைத் திருப்பிப் பார்க்கும்போது, இரண்டு தாவலுக்கு நடுவில் ஒரு பைக் முழுதாக ஒளிந்துகொள்ளும்.

பைக்குக்கு இன்னொரு சாபமும் உண்டு. எதிரே வருவது எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதை நாம் அதன் உருவம் பெரிதாகும் விதத்தை வைத்தே மதிப்பிடுகிறோம். 60-இல் வரும் வண்டி 100 மீட்டர் தொலைவிலிருந்து 50 மீட்டருக்கு வரும்போது கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியும். அதற்கு மூன்று நொடி ஆகிறது. அடுத்த இரட்டிப்புக்கு ஒன்றரை நொடி. அதற்கடுத்ததற்கு முக்கால் நொடி. ஆக, நெடுநேரம் எதுவுமே மாறாதது போலிருந்து, கடைசியில் திடீரென்று வெடித்துப் பெரிதாகிறது. பைக்கின் உருவம் காரில் பாதிகூட இல்லை. அதனால் மூளை அதைத் தூரத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. லாரிக்குக் காத்திருப்பவர் பைக்குக்குக் காத்திருப்பதில்லை என்றால், அதில் அலட்சியம் கொஞ்சம், கண் செய்யும் தப்புக்கணக்கு நிறைய.

கடலோடிகளின் ஊரான காயல்பட்டினத்துக்கு அடுத்த விஷயம் புதிதாக இருக்காது. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்த காயல் துறைமுகம் இந்தத் தாமிரபரணி முகத்துவாரப் பக்கம்தான். கப்பலோட்டிகளுக்கு ஒரு விதி உண்டு: தூரத்தில் தெரியும் கப்பல் உன் கண்ணுக்கு ஒரே திசையில் நிலையாக நின்று, பெரிதாக மட்டும் ஆகிக்கொண்டிருந்தால், அது உன்மேல் மோதப்போகிறது. முன்னால் நகர்ந்தால் அது உனக்கு முன்னே கடந்துவிடும், பின்னால் நகர்ந்தால் பின்னே. 1972-இல் உருவான சர்வதேச கப்பல் விதிகளில் இது எழுத்திலேயே இருக்கிறது. ரோட்டுக்கும் இதே கணிதம்தான். குறுக்குச் சாலையில் உங்களோடு மோதப்போகும் வண்டி, உங்கள் முன்கண்ணாடியில் அசையாமல் ஒரே புள்ளியில் இருக்கும். அசையாத பொருளைக் கவனத்திலிருந்து தள்ளிவிடுவது நம் மூளையின் இயல்பு. காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் தூணுக்குப் பின்னால் அந்தப் புள்ளி விழுந்துவிட்டால், மோதும்வரை அது தூணுக்குப் பின்னாலேயே பயணம் செய்யும். இங்கிலாந்தில் இப்லி கிராஸ் என்ற வெட்டவெளிச் சந்திப்பில், மறைப்பே இல்லாத இடத்தில், சைக்கிளில் போனவர்கள் அடிபட்டு இறந்ததை ஆராய்ந்தவர்கள் இந்த வடிவக்கணக்கைத்தான் கண்டார்கள். தேரிக்காட்டுப் பக்கத்து நேர்நேரான கிராமச் சாலைகள் மெயின் ரோட்டை வெட்டும் இடங்களில், தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது ஒரு உயிரின் விலை பெறும்.

தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் திருச்செந்தூர் போகிற ரோடெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில் நடக்கிறார்கள். பச்சையோ காவியோ, தாழ்வான ஹெட்லைட் வெளிச்சத்தில் அடர்ந்த நிறத் துணி உடுத்தியவர் 50 மீட்டருக்குள் வந்த பிறகே பல ஓட்டுநர்களுக்குத் தெரிகிறார். 80-இல் வரும் வண்டி, ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக் மிதித்து நிற்பதற்கு ஏறக்குறைய 70 மீட்டர் வேண்டும். அதாவது, கண்டதும் சரியாகவே பிரேக் போட்டாலும் நிற்காது. நடப்பவருக்கோ எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசுகிறது. எனக்கு அவனை இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அவனுக்கும் என்னைத் தெரியும் என்று நம்பிக்கொள்கிறார். எவ்வளவு தூரத்தில் தாம் தெரிவோம் என்று நடப்பவர்களைக் கேட்டால், உண்மையைவிட மிக அதிகமாகவே சொல்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஒளி திருப்பும் பட்டைகள் இதற்கு மருந்து. அதில் பதித்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், விளக்கிலிருந்து வரும் ஒளியை வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. திருவிழாச் சமயத்தில் போலீஸார் அவற்றைப் பைகளிலும் கைத்தடிகளிலும் ஒட்டுவது நல்ல காரியம். ஆனால் பட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஓர் அழகான கண்டுபிடிப்பு உண்டு. 1973-இல் சுவீடனில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர், ஒருவரின் மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கச் சொல்லிப் படம் பிடித்தார். அசையாமல் நின்றால் அது வெறும் புள்ளிக் கூட்டம். நடக்கத் தொடங்கியதுமே, பார்த்தவர்கள் அனைவரும் ஒரு மனிதர் நடப்பதைக் கண்டார்கள். நடையை அடையாளம் காண மூளைக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அமெரிக்காவின் ரிச்சர்ட் டைரலும் ஆஸ்திரேலியாவின் ஜோன் வுட்டும் இதை ராத்திரி ரோட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தார்கள். அதே அளவு பட்டையை மார்பில் சட்டைபோல் போடுவதைவிட, கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கட்டினால், ஓட்டுநர்கள் மிக அதிகத் தொலைவிலிருந்தே "மனுஷன்!" என்று கண்டுகொண்டார்கள். மார்புப் பட்டை, போர்டாகவோ கம்பமாகவோ இருக்கலாம் என்ற சந்தேகத்தை வைக்கும். மேலும் கீழும் ஆடும் கணுக்கால் அந்தச் சந்தேகத்தை வைக்காது. பாதயாத்திரை கிளம்பும் உங்கள் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டிவிடுங்கள். வண்டிகள் எதிரே வரும்படி ரோட்டின் வலது ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

ரோடுகூட மனத்தோடு விளையாடும். நெடுநேரம் 90-இல் ஓட்டிவிட்டு 50-க்குக் குறைத்தால், வண்டி ஊர்வது போலிருக்கும். மூளை வேகத்துக்குப் பழகிப்போய்விடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர் ஊருக்குள் நுழைந்ததும் தாம் மெதுவாகத்தான் போகிறோம் என்று மனப்பூர்வமாக நம்புவது இதனால்தான். 1970-களின் தொடக்கத்தில் கார்டன் டென்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்தப் பழக்கத்தை அதன் ஆயுதத்தாலேயே வெட்டினார். எடின்பரோ அருகே ஒரு ரவுண்டானாவை நெருங்கும் பாதையில் குறுக்கே மஞ்சள் கோடுகளை வரைந்தார். நெருங்க நெருங்க இடைவெளி குறையும்படி வரைந்தார். வேகம் கூடிக்கொண்டே போவதாக ஓட்டுநருக்குத் தோன்ற, கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வெறும் பெயின்ட்!

வேகத்தடைக்குள்ளும் இப்படி ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்லும் அளவு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. ஏன் இவ்வளவு அகலம்? 1970-களில் பிரிட்டனில் வாட்ஸ் என்ற பொறியாளர் பல வடிவங்களைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். குட்டையான குறுகிய மேட்டில் மெதுவாகப் போகிறவருக்குத்தான் உலுக்கல் அதிகம். வேகமாகப் போனால் டயரும் ஸ்பிரிங்கும் அதிர்ச்சியை விழுங்கிவிடும். அதாவது, அந்த மேடு வேகமாகப் போகச் சொல்லித் தருகிறது. அகலமான வளைந்த மேடு இதற்கு நேர்மாறு. 25-இல் போனால் மெல்ல ஏறி இறங்கும், கூடக்கூட உலுக்கும். ஓர் ஊரில் யாரோ அடிபட்டதும் அவசரமாக ஒரு சாண் அகலத்துக்குத் தாரைக் கொட்டிக் குவிக்கும் மேடுகள், நல்ல மனசோடு போட்டவைதான். ஆனால் அவை லாரியை நிறுத்துவதில்லை, பின்னால் குழந்தையை வைத்து வரும் ஸ்கூட்டரைத்தான் கவிழ்க்கின்றன.

எதை எதிலிருந்து பிரித்து வைப்பது என்பதில் நெதர்லாந்துக்காரர்கள் 1990-களிலிருந்து பிடிவாதமாக இருக்கிறார்கள். எடையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் உள்ளவை ஒரே தடத்தில் கலக்கவே கூடாது, கலந்தால் வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே ஓடும் முடுக்குகளைப் பார்த்தால் எனக்கு அந்த நினைவு வரும். பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர ஏற்பட்டவை அவை. நோக்கம் வேறு. ஆனாலும், கார் நுழையாத, நடப்பவருக்கு மட்டுமான ஒரு தனி வலைப்பின்னல் ஊருக்குள் நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. புதிதாக நகரம் கட்டுபவர்கள் இதைக் கோடி கொடுத்து வரைகிறார்கள்.

எந்த இடத்தைச் சரிசெய்வது? ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் அல்லது 10 சாவுகள் நடந்தால், அது 'கரும்புள்ளி' என்பது மத்திய அரசின் வரையறை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. விபத்துகள் ஏற்ற இறக்கத்தோடு நடப்பவை. மிக மோசமான ஆண்டைப் பார்த்து ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த ஆண்டு எதுவும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கிவிடும். அங்கே ஒரு போர்டு நட்டிருந்தால், போர்டுதான் காப்பாற்றியது என்று எல்லோரும் நம்புவார்கள். சராசரிக்குத் திரும்புதல் எனப்படும் இந்த மாயத்தை அவிழ்க்க, டொரண்டோவின் எஸ்ரா ஹவர், அதே மாதிரியான மற்ற சந்திப்புகளின் கணக்கையும் சேர்த்து எடைபோடும் முறையை வளர்த்தெடுத்தார்.

சாவுகள் சேரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள். அவர்கள் மோதாமல் தப்பிய தருணங்களை எண்ணினார்கள். இப்போது கேமராவே எண்ணித் தருகிறது. ஒருவர் ஓரிடத்தை விட்டு நீங்கிய நொடிக்கும், குறுக்கே வந்த இன்னொருவர் அதே இடத்தைத் தொட்ட நொடிக்கும் உள்ள இடைவெளிதான் அளவு. ஒன்றரை நொடிக்குக் கீழே போனால் அபாயம். ஒரு சாவு நடக்கும் முன் இப்படிப்பட்ட மயிரிழைத் தப்பல்கள் எண்ணற்றவை நடந்து, யாருடைய கணக்கிலும் ஏறாமல் போயிருக்கும். ஊரின் முக்கியச் சந்திப்பில் ஒரு கேமராவை வைத்துச் சில நாள் பதிவு செய்தால், யாரும் சாகாமலே அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

கணக்கு வைப்பதில் தமிழ்நாடு முன்னோடி. 2009 முதலே விபத்துகளை வரைபடத்தில் குறிக்கும் கணினி அமைப்பு இங்கே இயங்கியது. 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில்தான். இறந்தவர்கள் 17,884. அரை மணிக்கு ஒருவர். அதிகமாக நடப்பதோடு, ஒழுங்காகப் பதிவதும் இந்த முதலிடத்துக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கிலிருந்துதான், நாட்டின் சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு 2014-இல் பிறந்தது. அறுவை மேஜைக்கு வந்து சேரும் கால்களைப் பார்த்துப் பார்த்து, அவை அங்கே வராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்ட மருத்துவர் அவர். ஹாடன் அட்டவணையின் கடைசி வரிசைக்காரர் முதல் வரிசைக்கு நடந்துபோயிருக்கிறார். அந்தக் கடைசி வரிசையில் 108 ஆம்புலன்ஸும், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் வருகின்றன.

சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்து, 2021-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடெங்கும் விரிந்த 'ஐராட்' செயலி, இந்த வரிசைகளை ஒன்றாகக் கோக்கிறது. போலீஸ்காரர் சம்பவ இடத்தில் செல்பேசியில் இடத்தையும் படத்தையும் பதிகிறார். அதே விபத்து எண் போக்குவரத்துத் துறைக்குப் போகிறது, அங்கே வண்டியின் நிலையை ஆய்வாளர் எழுதுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அங்கே காயத்தை எழுதுகிறார்கள். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளருக்கும் போகிறது. அவர் அந்த இடத்துக்குப் போய் ரோட்டின் வளைவு, ஓரம், அடையாளக் கோடு, விளக்கு, சந்திப்பின் அமைப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பதில் எழுத வேண்டும். ஓட்டுநரிடம் மட்டுமே கேட்டுவந்த கேள்வி, முதன்முறையாக ரோட்டைப் போட்டவரிடமும் கேட்கப்படுகிறது.